காணிக்கையும் கணக்கும்

பக்தியைப் பற்றி ஒரு கட்டுரை, பணத்தைப் பற்றி ஒரு கட்டுரை என்று தனித்தனியே கேட்டால் எழுதுவோர் பலர் கிடைப்பர். இரண்டையும் சேர்த்து எழுதுக என்றால் பேனா சற்றுத் தயங்கும். எச்சமயத்தவராயினும், வழிபாட்டுத் தலத்தில் பணப்பேச்சு எழுந்தவுடன் குரல் தாழ்ந்துவிடுவதைக் காணலாம். நம் நிலை வேறு. பக்தியும் பணமும் ஒரே பையில் கலந்து கிடப்பதை வாரந்தோறும் கையால் தொட்டறியும் வேலை நமக்கு வாய்த்திருக்கிறது. அந்தப் பை சிவப்பு வெல்வெட்டுத் துணியால் ஆனது. நீண்ட மரப்பிடி உடையது. முழங்கை வரை ஆழம் உள்ளது.

செகந்திராபாத்தில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின், பின்னறையில் இருவர் அமர்ந்து காணிக்கையை எண்ணுவர். ஒன்பது ஆண்டுகளாக அவ்விருவருள் நாம் ஒருவர். வாரத்தில் ஐந்து நாளும் மத்திய அரசு அலுவலகத்தில் பிறருடைய பயணப்படிப் பட்டியல்களைச் சரிபார்க்கும் எழுத்தருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டல்தானா என்று நண்பர்கள் நகையாடுவதுண்டு. கூட்டல் ஒன்றுதான்; ஆனால் கூட்டப்படும் பொருள் ஒன்றன்று. அலுவலகத்தில் நம் கைக்கு வருவது எண்ணாகிவிட்ட பணம். இங்கே வருவதோ இன்னும் மனித வெப்பம் ஆறாத பணம். எட்டாக மடிக்கப்பட்ட பத்து ரூபாய் நோட்டு உண்டு. உறையிலிட்டுப் பிறந்தநாள், திருமண நாள் என்று எழுதி வரும் ஐந்நூறு உண்டு. ‘வேலை கிடைத்ததற்கு’ என்று பென்சிலால் எழுதிய உறை ஒன்று வந்தது, பெயர் இல்லை. கிழிந்து ஒட்டிய நோட்டுகளும் வரும். கடைக்காரர் வாங்க மறுத்ததைக் கடவுள் மறுக்கமாட்டார் என்ற நம்பிக்கையும் ஒருவகைப் பக்திதான் போலும்.

‘காணிக்கை’ என்ற சொல்லை நம் முன்னோர் எவ்வளவு பொருத்தமாக அமைத்தனர்! காண் என்னும் வினையிலிருந்து பிறந்தது அது. தெய்வத்தையோ அரசனையோ குருவையோ காணச் செல்பவன் கையில் கொண்டு செல்வது காணிக்கை. தமிழ்க் கிறிஸ்தவர் இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஆனால் அவர்கள் பின்பற்றும் போதனையோ காண்பதற்கு நேர்மாறானது. மலைப்பொழிவில் இயேசுபெருமான், ஒரு கை ஈவதை மறு கையும் அறியலாகாது என்ற கருத்துப்படப் பேசினார். வெல்வெட்டுப் பையின் ஆழம் அந்தப் போதனையின் ஆழம். மூடிய கை உள்ளே போகிறது. திறந்த கை வெளியே வருகிறது. போட்டது ஆயிரமா, ஐந்தா, ஒன்றுமே இல்லையா என்பது அருகிலிருப்பவருக்குத் தெரியாது. வறியவர் வெட்கப்படாமல் இருப்பதற்கும் செல்வர் செருக்குறாமல் இருப்பதற்கும் ஒரு தையற்காரர் செய்து வைத்த ஏற்பாடு அது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் பூட்டப்பட்டபோது பையும் அலமாரிக்குள் போயிற்று. காவற்காரருக்கும் ஆலயத்தைத் துப்புரவு செய்யும் அம்மையாருக்கும் மாதச் சம்பளம் தந்தாக வேண்டுமே! அப்போதுதான் கைப்பேசியால் பணம் செலுத்தும் கியூ.ஆர். குறி நம் சபைக்குள் வந்தது. ஆலயம் திறந்த பின்னரும் அது போகவில்லை. நுழைவாயில் தூணில் சட்டமிட்டுத் தொங்குகிறது. வசதியை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். பையில் விழுந்த நோட்டுக்குப் பெயர் கிடையாது. கைப்பேசியில் வரும் தொகையோ பெயரும் நாளும் நிமிடமும் சுமந்தே வருகிறது. பத்து ரூபாய் அனுப்பியவர் யார் என்பது எண்ணுகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தத் தாளைப் பார்க்கும்போது பிறர் வீட்டுச் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பது போன்ற கூச்சம் நமக்கு இன்றுவரை தீரவில்லை.

எண்ணுகிறவரைப் பற்றி நற்செய்தி நூல்கள் என்ன சொல்கின்றன என்று தேடிப் பார்த்தோம். கிடைத்த விடை இனிப்பாக இல்லை. பன்னிரு சீடருள் பணப்பையைச் சுமந்தவன் யூதாசு. சீடருள் மத்தேயு இருந்தார். சுங்கத் துறையில் அமர்ந்து வரி வாங்கிய அனுபவம் உடையவர். இக்காலத்து வழக்கில் சொன்னால் வருவாய்த் துறை ஊழியர். இருந்தும் பை அவர் கைக்குப் போகவில்லை. ஏன் என்பதற்கு நூலில் விளக்கம் இல்லை. அரசு ஊழியராகிய நமக்கு இதில் சிறிது மனத்தாங்கல் உண்டு என்பதை மட்டும் குறித்து மேலே செல்கிறோம்.

பெத்தானியாவில் நடந்த விருந்தில் மரியாள் விலையுயர்ந்த நளதத் தைலத்தைப் பெருமானின் பாதங்களில் பூசினாள். வீடெங்கும் மணம் நிறைந்தது. இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு என்கிறார் யோவான். அக்காலத்தில் ஒரு பணம் என்பது ஒரு தொழிலாளியின் நாட்கூலி. முந்நூறு என்றால் ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு. கேள்வியில் என்ன பிழை? எந்தத் தணிக்கையாளரும் கேட்கக்கூடிய கேள்விதான். பிழை கேள்வியிலன்று, கேட்டவனின் கையிலிருந்த பையில் இருந்தது. அவன் அதிலிருந்து எடுத்துக்கொள்பவன் என்று யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார். ஏழையின் பெயரைச் சொல்லிப் பக்தியைக் குறைகூறுவதும், பக்தியின் பெயரைச் சொல்லி ஏழையை மறப்பதும் இன்றைய சபைக் கூட்டங்களிலும் கேட்கும் குரல்கள்தாம். பேசுபவர் யார் பையைப் பிடித்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்வது நலம்.

பவுலடிகள் இதில் எச்சரிக்கையானவர். எருசலேமில் வறுமையுற்ற விசுவாசிகளுக்காக அவர் மக்கெதோனியா, அகாயா நாட்டுச் சபைகளில் பொருள் திரட்டினார். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்கேற்ப எடுத்து வைக்கச் சொன்னார். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குச் சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களை உடன் வைத்துக்கொண்டார். தம்மைப் பற்றி எவரும் குறைசொல்ல இடம் இருக்கலாகாது என்பதற்காகவே அவ்வாறு செய்வதாகவும் எழுதினார். இரு கையொப்பம் இன்றிப் பணம் எடுக்கலாகாது என்ற நம் அலுவலக விதி அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். ரோமாபுரியில் கி.பி. 258-இல் உயிர்நீத்த லாரன்சு என்ற திருத்தொண்டரும் பணப்பெட்டியின் பொறுப்பாளரே. சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு அதிகாரி ஆணையிட்டபோது, அவர் இருந்ததையெல்லாம் பகிர்ந்தளித்துவிட்டு, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்து வந்து நிறுத்தி இவர்களே செல்வம் என்றார் என மரபு கூறும். பணம் வைத்திருந்தவர்களின் வரிசையில் யூதாசு மட்டும் இல்லை என்பது நமக்கு ஆறுதல்.

இனி வீட்டுக் கணக்கைச் சொல்ல வேண்டும். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கு என எடுத்து வைப்பது தசமபாகம். பழைய ஏற்பாட்டுக் காலத்து வழக்கம். இன்றும் பல குடும்பங்கள் கைக்கொள்கின்றன. விவசாயிக்கு இது எளிது. பத்து மூட்டை விளைந்தால் ஒரு மூட்டை. மாதச் சம்பளக்காரருக்கோ பெருஞ்சிக்கல். எதில் பத்தில் ஒன்று? அடிப்படைச் சம்பளத்திலா, அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்த மொத்தத்திலா, வருமான வரியும் ஓய்வூதியப் பிடித்தமும் போகக் கைக்கு வருவதிலா? நம் சபையில் அரசு ஊழியர் நால்வர் கூடினால் இதைப் பற்றி ஓர் ஊதியக்குழு அமைக்கும் அளவுக்கு வாதம் நடக்கும். கடவுளுக்குச் சேர வேண்டியதில் வருமான வரிக்கு முதலிடமா என்பார் ஒருவர். ஓய்வூதியம் வரும்போது அதில் கொடுக்கப் போகிறோமே, இப்போதும் கொடுத்தால் இரட்டை வரி அன்றோ என்பார் மற்றொருவர். 2020 சனவரி முதல் 2021 சூன் வரை அகவிலைப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, அந்தப் பதினெட்டு மாத நிலுவை வராமலே போனபோது, வராத பணத்துக்குத் தசமபாகம் இல்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒருமனப்பட்டனர்.

பெருமான் காலத்திலும் இத்தகைய கணக்கர் இருந்தனர். புதினாவிலும் சீரகத்திலும்கூடப் பத்தில் ஒன்றை எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை அவர் கடிந்துகொண்டார். சீரகத்தைப் பத்தாகப் பிரிக்கும் பொறுமை எழுத்தர் குலத்துக்கே உரியது என்பதால் அந்தக் கண்டனத்தைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்று நிமிர்ந்து உட்காருவோம். நம் இல்லத்தில் இந்த விவாதத்தைத் துணைவியார் வேறு வழியில் முடித்து வைத்திருக்கிறார். சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே, மளிகைக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் முன்னதாக, ஒரு தொகையை எடுத்து விவிலியத்தின் உள்ளே வைத்துவிடுவார். அது பத்தில் ஒன்றா, பன்னிரண்டில் ஒன்றா என்று நாம் கேட்டதில்லை. மாதக் கடைசியில் கையிருப்பு வற்றும்போது அந்த விவிலியத்தின் பக்கம் நம் கண் போவதுண்டு. அவர் கண் போனதில்லை.

இந்த ‘முதலில் எடுத்து வைத்தல்’ அவருக்குப் பழக்கமானது எப்படி என்று பார்த்தால் நெல்லைச் சீமையின் அடுக்களைக்குள் போக வேண்டும். அங்கே கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்ற வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவர். வாரமோ மாதமோ சேர்ந்ததை ஆலயத்தில் சேர்ப்பர். நம் அன்னையார் ஆறு பேருக்கு உலை வைத்த காலத்திலும் இதைத் தவறவிடவில்லை. அரிசி குறைவான நாளில் பிடி சிறுத்திருக்கும், இல்லாமல் போகாது. அந்தப் பானை கண்ணில் படும்போது எங்களுக்குப் பசி கூடியதாக நினைவு.

அப்பிடியரிசி எவ்வளவு தொலைவு போயிற்று என்பதை நாம் அறிந்தது தமிழ்நாட்டில் அன்று, தெலுங்கு நாட்டில். 2017-இல் அலுவல் நிமித்தம் கம்மம் சென்று திரும்பும் வழியில் டோர்னக்கல் சந்திப்பில் இறங்கினோம். நிலக்கரி வண்டிகள் நிற்கும் அந்தச் சிறிய ஊரில் மசூதியின் குவிமாடமும் கோவிலின் தூண்களும் சிலுவையோடு கூடி நிற்கும் பேராலயம் ஒன்று இருக்கிறது. 1939-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதை எழுப்பியவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா. 1903-இல் நெல்லையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாயிருந்தவர் அவர். மேனாட்டுப் பணத்தை நாடாமல், இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்ற உறுதியோடு அச்சங்கம் தொடங்கிற்று. அதன் ஊழியராக டோர்னக்கல் வந்த அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நெல்லைப் பெண்களின் கைப்பிடி அரிசி அவ்வூழியத்தின் பின்னால் இருந்தது.

நம்மைக் கவர்ந்தது அதற்குப் பிந்திய செய்தி. டோர்னக்கல் வட்டாரத்தில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள். கூலியே அரைவயிற்றுக்குத்தான். அத்தகையோரிடம் காணிக்கை கேட்பது கொடுமை என்று நாகரிகமுள்ள எவருக்கும் தோன்றும். அசரியா கேட்டார். கைப்பிடி அரிசியை எடுத்து வைக்க அப்பெண்களுக்கும் கற்பித்தார். அறுவடைக்காலத்தில் அவர்கள் தானியமும் கோழியும் கொண்டு வந்து படைத்தனர். கிறிஸ்தவன் கொடுக்க வேண்டிய முறையைப் பற்றித் தனி நூலே எழுதினார். தலைமுறை தலைமுறையாகக் கையேந்தி நிற்குமாறு வைக்கப்பட்டவர் ஒருமுறை கொடுப்பவராக நிமிர்ந்துவிட்டால், அவர் பிறகு பழைய ஆளல்லர் என்பதை அவர் கண்டிருக்க வேண்டும். 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேனாட்டாரை நோக்கி, பொருளைத் தந்தீர்கள், நட்பைத் தாருங்கள் என்ற கருத்துப்பட அவர் பேசிய பேச்சும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பெறுபவனாகவே வைத்திருப்பதும் ஒரு வகை இழிவு என்பதை அறிந்தவர் அவர்.

அதே 1910-இல்தான் மிசோ மலைநாட்டுப் பெண்களும் ‘புஹ்ஃபாய் தாம்’ என்ற பெயரில் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கத் தொடங்கினர். ஐஸ்வாலிலிருந்து மாற்றலாகி வந்த அலுவலக நண்பர் இதைச் சொன்னபோது, எங்கள் வீட்டுப் பானை அவர் வீட்டிலும் இருந்தது தெரிந்தது. இன்று அங்கே அந்தப் பிடியரிசியின் ஆண்டு மதிப்பு கோடிக்கணக்கில் என்பர்.

பிடியரிசி ஒரு முனை என்றால், அறுப்பின் பண்டிகை ஏலம் மறுமுனை. இந்தச் சங்கத்தின் பிற சமய அன்பர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டிய காட்சி அது. விசுவாசிகள் படைத்த பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக்கு யாவும் ஆராதனைக்குப்பின் ஏலத்துக்கு வரும். கடையில் நாற்பது ரூபாய் பெறும் பூசணி ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதை மீண்டும் படைக்க, மறுபடியும் ஏலம் போகும். ஒரு சேவல் அரைமணி நேரத்தில் நான்கு எசமானர்களைக் கண்டதை நாம் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறோம். எல்லாம் உரத்த குரலில், பெயர் சொல்லி. ஆழமான பை இருக்கும் இடத்திலேயே இதுவும் நடக்கிறது. இது விளம்பரம் என்று கடிந்துகொள்ளும் தூயோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே சிரிப்பு இருக்கிறது. எவரும் தம்மைத் தியாகி என்று கருதிக்கொள்வதில்லை. அதைக் காட்டிலும் ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் வரும் சங்கக் காணிக்கைப் பட்டியல்தான் நமக்கு அச்சம் தருகிறது. அதைக் கையில் வாங்கியவர் முதலில் தேடுவது தம் பெயரை அன்று, பக்கத்து வீட்டாரின் தொகையை. (இம்மலரிலும் நன்கொடையாளர் பட்டியல் ஒன்று இருக்கும். அன்பர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பர் என்று நம்புகிறோம்.)

2022 மழைக்காலத்தில் நம் ஆலயத்தின் மங்களூர் ஓட்டுக் கூரை பல இடங்களில் ஒழுகத் தொடங்கிற்று. பாடகர் குழு குடைபிடித்துப் பாடும் நிலை. பழுதுபார்க்க நிதி திரட்டினோம். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் ஐந்து இலட்சம் தருவதாகவும், பெயர் பொறித்த கல் ஒன்று பதிக்க வேண்டுமென்றும் சொன்னார். சேகரக் குழுவில் சிலர் முகம் சுளித்தனர். அப்போஸ்தலர் காலத்தில் அனனியா என்பவன் நிலத்தை விற்று ஒரு பகுதியை ஒளித்து வைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டான். அவன் குற்றம் குறைத்துக் கொடுத்ததன்று. நிலமும் அவனுடையது, பணமும் அவனுடையதே என்று பேதுருவே சொல்லிவிட்டார். பொய் முகம் காட்டியதே குற்றம். நம் ஒப்பந்தக்காரரோ கல் வேண்டும் என்பதை மறைக்கவே இல்லை. ஒரு சிறு கல்லுக்கு நாம் உடன்பட்டோம்.

மெய்யான சோதனை அடுத்த வாரம் வந்தது. சபையில் எழுபது வயது கடந்த விதவைத் தாயார் ஒருவர் இருக்கிறார். கணவர் இரயில்வேயில் கலாசியாக இருந்து இறந்தவர், பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறையில் குடியிருந்து முறுக்கும் அதிரசமும் செய்து விற்றுப் பிழைக்கிறார். கிறிஸ்துமசுக்குச் சபை தரும் சேலையும் அரிசியும் பெறுவோர் பட்டியலில் அவர் பெயர் உண்டு. அவர் பழைய பால்மாவு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எண்ணினோம். நூறும் ஐம்பதுமாக 38,400 ரூபாய். கூரைக்கு என்றார். என்ன பணம் என்று கேட்டதற்குத் தம் அடக்கச் செலவுக்குச் சேர்த்து வைத்தது என்றார். பெட்டி, குழி, வண்டி என்று எவருக்கும் பாரமாகாமல் போய்ச் சேருவதற்காகப் பதினேழு ஆண்டுகள் சேர்த்த பணம்.

குழு கூடிற்று. வங்கியில் பணியாற்றும் ஓர் உறுப்பினர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விதவையின் இரண்டு காசை ஆண்டவரே மெச்சினாரே, மறுக்க நாம் யார் என்றார். அந்த நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்ப்பது தகும். எருசலேம் தேவாலயத்தில் எக்காள வடிவான பதின்மூன்று காணிக்கைப் பெட்டிகள் இருந்தன. செல்வர் போட்ட நாணயங்கள் ஒலித்து விழுந்திருக்கும். ஏழை விதவை போட்ட இரண்டு காசும் சேர்ந்து நாட்கூலியில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. நாட்கூலி 640 ரூபாய் என்று கொண்டால் பத்து ரூபாய். அவளே எல்லாரினும் மிகுதியாகக் கொடுத்தாள், ஏனெனில் தன் பிழைப்பையே கொடுத்தாள் என்று பெருமான் சொன்னதாக மாற்கும் லூக்காவும் எழுதுகின்றனர். நன்கொடைக் கூட்டங்களில் இந்தக் கதையை நூறு முறை கேட்டிருக்கிறோம்.

கேட்காத செய்தி ஒன்றும் அந்த நூலிலேயே உண்டு. விதவை வருவதற்குச் சற்று முன்னர்தான் பெருமான், நீண்ட செபம் செய்துகொண்டு விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரைக் கண்டித்துப் பேசி முடித்தார். விதவை போனவுடன் சீடர் ஆலயத்தின் பெருங்கற்களைக் காட்டி வியக்க, இவற்றில் கல்லின்மேல் கல் நில்லாமல் போகும் என்றார். நடுவே நிற்பவள் இவள். சென்று நீங்களும் இவ்வாறே செய்யுங்கள் என்று அவர் எவரிடமும் கூறவில்லை. அவர் குரலில் இருந்தது புகழ்ச்சியா, துயரமா? இரண்டுமே என்பது நம் எண்ணம். கொடுத்தவளைப் பற்றியது புகழ்ச்சி. அவளுடைய கடைசிக் காசையும் வாங்கிக்கொண்டு அவளை வெறுங்கையோடு அனுப்பிவைத்த அமைப்பைப் பற்றியது துயரம். பெட்டிக்கு இப்பால் அமர்ந்து எண்ணுகிறவர்களின் நிலையில் நின்று படித்தால் அந்தப் பகுதி வேறாகத்தான் ஒலிக்கிறது. இதை நாம் குழுவில் சொன்னோம். வாங்கவும் முடியாது போல், மறுக்கவும் முடியாது போல் எல்லாரும் அமைதியாயினர்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆயரும் நாமும் அத்தாயார் வீட்டுக்குச் சென்றோம். அவர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். ஆயர் இதமாகத்தான் பேசினார். அத்தாயார் அவரை விட்டு நம் பக்கம் திரும்பினார்.

“ஏன் தம்பி, வாங்குததுக்கு மட்டுந்தான் நான் கோயிலுக்கு வரணுமா? குடுக்கதுக்கு எனக்குப் பாத்தியதை கிடையாதா?”

பிறகு ஆயரிடம், “ஐயரே, ஒழுகுத கோயில்லேருந்தா என் பெட்டியத் தூக்கிட்டுப் போவீய?” என்று கேட்டார். (நெல்லைக் கிறிஸ்தவர் ஆயரை ஐயர் என்றே அழைப்பர்.) அதற்கு மேல் அவர் பேசவில்லை. தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்தார். அதற்கும் காசு வாங்கிக்கொள்ளவில்லை. டோர்னக்கலில் அசரியா அறிந்திருந்ததை அந்த ஒற்றை அறையில் நாம் கேட்டறிந்தோம்.

அடுத்த கூட்டத்தில் குழு அப்பணத்தை ஏற்றது. ஆனால் அதே தீர்மானத்தில் மற்றொரு வரியும் சேர்க்கப்பட்டது: சபையில் எவர் இறந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அடக்கச் செலவு முழுவதையும் சபையே ஏற்கும். அதற்கெனத் தனி நிதி. இரண்டு வரியும் ஒரே எண்ணின் கீழ் எழுதப்பட வேண்டும், பிரிக்கலாகாது என்று நாம் வற்புறுத்தினோம். இது தவறான முன்னுதாரணமாகும், வசதியுள்ளோரும் கேட்கத் தொடங்குவர் என்று எதிர்ப்பு எழுந்தது. வசதியுள்ளோரும் இறப்பர் என்று தலைமையாசிரியர் சொன்னதும் சிரிப்பில் எதிர்ப்பு அடங்கிற்று. அத்தாயார் கொடுத்த தொகையை வரவேட்டில் ‘ஒரு விசுவாசி’ என்றே பதிந்தோம். பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். நம் துணைவியார் அந்த மாதத்து விவிலியப் பணத்தைப் புதிய நிதியில் சேர்த்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாதம் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்க வேண்டியதாயிற்று. அது தனிக் கதை.

2023 பிப்ரவரியில் கூரை வேலை முடிந்தது. ஒப்பந்தக்காரரின் கல் வாயிற்படிக்கு வலப்புறம் இருக்கிறது. எழுத்து அழகாக வந்திருக்கிறது. அடக்க நிதியிலிருந்து முதற்செலவு அந்த ஆண்டு நவம்பரில் ஏற்பட்டது. அத்தாயாருக்கு அன்று. ஊரைவிட்டு வந்து இங்கே கொத்துவேலை செய்த இளைஞன் ஒருவன் விபத்தில் இறந்தான். சபைக்கு வந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. பெற்றோர் சாத்தான்குளத்திலிருந்து இரயிலில் வந்து சேர மறுநாளாயிற்று. அதுவரை பெட்டியருகே அமர்ந்திருந்தவர் அத்தாயார்தான். அடக்கம் முடிந்தபின் அவர் செலவுச் சீட்டுகளை நம்மிடம் வாங்கிப் பார்த்து, பெட்டிக்கு நூற்றைம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்கள், அந்தக் கடைக்காரர் இன்னும் குறைப்பார் என்றார். அவர் பதினேழு ஆண்டுகளாக விலை விசாரித்து வைத்திருந்தவர். அடுத்த முறை அவரையே உடன் அழைத்துச் செல்வதென்று குழு முடிவு செய்திருக்கிறது.